நல்ல கட்டடத்துக்கு ஒரு பாடை

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் பியோ டோக்சு முதலில் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். மகள் ஸெரின் பொறியியல் பட்டம் வாங்கிய அரங்கிலும் தட்டினார். "உள்ள பொள்ளல்" என்று பின்வரிசை வரை கேட்கும்படி சொன்னார்.

இருபது வயதில் தென் கொரியத் தலைநகரான சோல் நகரத்துக்கு வந்து ஹான் ஆற்றில் மணல் அள்ளியவர். அந்த மணலில் எழுந்த ஐந்து மாடிக் குடியிருப்பிலேயே பிறகு குழாய் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. முப்பது வருடம்.

அரசு ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று அறிவிப்பு ஒட்டியதும் மூன்று வாரம் ஞாயிறுகூடப் பாராமல் விரிசல்களைப் பூசினார். துருப்பிடித்த குழாய்களை மாற்றினார். கட்டடம் தேறிவிட்டது. மறுநாள் குடியிருப்போர் சங்கத் தலைவி பம்பு அறைக்கே வந்துவிட்டாள்.

"உங்கள யாருங்க பூசச் சொன்னது?"

"ஒழுகினா அடைக்கத்தானே எனக்குச் சம்பளம்?"

"ஒழுகட்டும்னுதான் பத்து வருசமா காத்திருக்கோம். பாதுகாப்பில்லன்னு எழுதிக் கொடுத்தாத்தான் இடிச்சிட்டு முப்பத்தஞ்சு மாடி கட்ட விடுவாங்க. கெடுத்துட்டீங்களே, பியோ அண்ணே."

அவருடைய கருவிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்திலும் 502ஆம் வீட்டு வாடகைக்காரி குவாக் அம்மாள் வழக்கம்போல ஒரு டப்பா கிம்ச்சி, முட்டைக்கோஸ் ஊறுகாய், கொடுத்தாள். குளியலறைக் குழாய் சொட்டுவதைக் காட்டி, "வாளி மாத்தி மாத்தியே கை ஓஞ்சுபோச்சு" என்றாள்.

"பெட்டியத் திறக்க விடட்டும். மொத வேலை உங்களுதுதான்."

மறு வருடம் மறுபடியும் ஆய்வு. இந்த முறை ஆய்வு செய்தது ஸெரின் வேலை பார்த்த அலுவலகம். 'குழாய்கள் பயன்படா நிலை' என்ற பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். ஒரு வாரத்தில் வாசலில் பெரிய பதாகை: 'கட்டடம் ஆபத்தானது என உறுதி. குடியிருப்போருக்கு வாழ்த்துகள்.'

அதன் கீழே நின்றே மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இந்தக் கட்டடத்துக்கு வயசு முப்பத்தஞ்சுதான். அந்த வயசுல மனுசன் கல்யாணமே பண்றதில்ல. அதுக்குள்ள கட்டடத்துக்குப் பாடை கட்டிட்டீங்க. வாழ்த்து வேறயா?"

"விதி அப்படிப்பா. கார் நிறுத்த இடம் பத்தலன்னாலும் மார்க் குறையும்."

"கார் நிறுத்த இடமில்லன்னா கட்டடம் விழுந்துடுமா? இதத்தான் நாலு வருசம் படிச்சியா?"

இடித்ததை எங்கே கொட்டுவார்கள், புதியதற்கு எந்த மலையை உடைப்பார்கள், எந்தக் கடலில் மணல் எடுப்பார்கள் என்று கேட்க ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் இல்லாததை அவளும் கேட்கவில்லை.

வாடகைக்காரர்களைத்தான் முதலில் வெளியேற்றினார்கள். டோக்சு பெட்டியை மீட்டுக்கொண்டு ஐந்து மாடி ஏறியபோது 502 காலி. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

இடிபாட்டு லாரிகள் நகரத்து ஓரத்தில் இருந்த அவர் வீட்டு வழியாகத்தான் கல்லுடைக்கும் ஆலைக்குப் போயின. காயப்போட்ட மிளகாய் மேலெல்லாம் சிமென்ட் தூசி. "அது மூணாம் பிளாக் படிக்கட்டுடா, போன வருசம் பூசினது" என்று ஓட்டுநர்களிடம் கத்துவார். அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அவருடைய கோட்டுப் பையில், காகிதத்தில் மடித்த ஒரு ரப்பர் வாஷர், குழாய் சொட்டாமல் அடைப்பது, இருந்தது. மேலே 502 என்று எழுதியிருந்தார். ஸெரின் சங்கத்தில் விசாரித்தாள்; வாடகைக்காரர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. குவாக் அம்மாளின் டப்பாவும் ஸெரினிடமே இருக்கிறது. அந்தக் கிம்ச்சியில் பாதியைத் தின்றது அவள்தான்.