விழுந்தது எந்தக் கரடி

எங்கள் தெருவில் அவரைக் கரடியார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லாமல் விட்டால்தான் முகம் வாடும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது வெறுமனே 'சார்' என்று கூப்பிட்டுவிட்டுப் போனால், ஏதாவது ஒரு சாக்கில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தான் யார் என்று தெரியப்படுத்திவிட்டுத்தான் திரும்புவார்.

ஸ்டூடியோவில் செட் போடும் தச்சராகத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வீட்டில் குழந்தையோடு குழந்தையாக வளரும் கரடியைப் பற்றி அங்கே படம் எடுத்தார்கள். கரடி உடைக்குள் போக வேண்டிய நடிகர், தலையை மாட்டியதும் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த உடையின் உயரத்துக்குச் சரியாக இருந்த ஆள் தளத்தில் இவர் ஒருவர்தான். "சும்மா உள்ள போய் நில்லுப்பா, லைட் பாத்துட்டு விட்டுடறோம்" என்றார்கள். போய் நின்றார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். அப்புறம் யாரும் அவரைச் சுத்தியல் பிடிக்க விடவில்லை. படம் ஓடு ஓடென்று ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் எடுத்தார்கள். எழுத்துப் போடும்போது உடை தைத்தவர் பெயர் வரும், தேன் ஜாடி கொண்டுவந்து கொடுத்தவர் பெயர்கூட வரும், இவர் பெயர் வராது. கரடிக்குள் ஆள் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் மனசு உடைந்துபோகும் என்பது முதலாளியின் கட்சி.

நான்காவது படம் பாதியில் இருந்தபோது கம்பெனி நொடித்து, கரடியை எதிர்க் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கதை போனது, உடை போனது, குழந்தை நட்சத்திரமும் போனாள். இவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அங்கே அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். சண்டைக் காட்சிகளில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவர். நான்காவது படத்தின் மீதியையும், அடுத்து வந்த படங்களையும் அவர்தான் செய்தார்.

அந்த ஆளைக் கரடியார் 'டூப்ளிகேட்' என்றுதான் குறிப்பிடுவார். மகனுக்குப் பெண் கிடைக்க வேறு வீடே அகப்படவில்லையோ என்னவோ, அவன் டூப்ளிகேட்டின் மகளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். டூப்ளிகேட் ஒரே நாளில் சம்பந்தி ஆனார். மரியாதை வந்தது, சமாதானம் வரவில்லை.

சண்டை எல்லாம் ஒரே ஒரு காட்சியைப் பற்றித்தான். நான்காவது படத்தில் கரடி மாடிப்படியில் இறங்கி வரும்போது கால் இடறி விழும். அது கதையில் இல்லாதது. நிஜமாகவே விழுந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த சிறுமி நடிப்பை மறந்து சிரித்துவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். உடைக்குள் போகிறவர்களுக்கு விழுவது பெரிய மானக்கேடு. அதனால் கரடியார் எல்லோரிடமும் சொல்லிவந்தார்: "நான் விழுந்ததே கிடையாது. அது மத்தவரு." மத்தவரும் விடுவாரா? "நான் விழுந்தா முடிவு பண்ணித்தான் விழுவேன் சம்பந்தி. இது தடுமாறி விழுந்தது. நம்ம கையெழுத்து இல்ல." கல்யாண மேடையிலேயே இந்தப் பேச்சு ஓடியிருக்கிறது. மாலை மாற்றும் நேரத்தில் இரண்டு பேரையும் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. செய்தி வந்த அன்று கரடியாரின் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "நம்ம வீட்ல எப்பவோ நடந்தாச்சு, இவங்க இப்பத்தான் முகூர்த்தம் பாக்கறாங்க" என்றார்.

புதுக் கம்பெனி கரடிப் படங்கள் எல்லாவற்றையும் துலக்கி மறுபடி வெளியிடப் போவதாகவும், விட்டுப்போனவர்களின் பெயர்களைச் சேர்க்கப் போவதாகவும் சொல்லி, ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கே வந்தாள். சம்பந்தியும் அடுத்த தெருவிலிருந்து சலவைச் சட்டையில் வந்து சேர்ந்தார்.

"மத்த படங்கள்ல குழப்பம் இல்ல சார்," என்றாள் அவள். "நாலாவதுதான் பிரச்சினை. ஒரு வேஷத்துக்கு ஒரு பேர்தான் போடுவோம். அந்த விழுற சீன் இப்ப உலகம் பூரா சுத்துது. போஸ்டரே அதுதான். அதனால யார் விழுந்தாங்களோ அவங்க பேரைப் போடறதுன்னு முடிவு. ரெண்டு பேர்ல யாரு விழுந்தீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நான்தான்" என்றார்கள்.

மருமகள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, போன வாரம்கூட அப்பாதான் விழுந்தாருன்னு சொன்னீங்களே?"

"விழுந்ததை யாராவது வெளிய சொல்லுவாங்களாம்மா?"

"அப்பா, நீங்க?"

"தடுமாறின மாதிரி விழறதுதான் கண்ணு கஷ்டமான வித்தை. அது புரியாதவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

உண்மையில் விழுந்தவர் கரடியார்தான். அன்று இரவு இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தவர் அவர் மனைவி. கணவர் இப்போது கண்ணாலேயே கெஞ்சினார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க விழவே இல்லைன்னு எத்தனை வருஷமா என்கிட்டயே சத்தியம் பண்றீங்க. நான் அதைத்தான் நம்பறேன்" என்றார். கொஞ்ச நேரம் கணவரைத் தவிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்தடக் கதையைச் சொன்னார். அதில் பிரயோசனம் இல்லை. சம்பந்தி உடனே தன் வீட்டிலும் ஒத்தடம் நடந்ததாகச் சொல்லிவிட்டார். குதிப்பதே தொழிலான வீட்டில் ஒத்தடம் நடக்காத நாள் ஏது?

"வேணும்னா விழுந்தே காட்டறேன்" என்று எழுந்தார் சம்பந்தி.

"கொஞ்சம் இருங்கப்பா." மருமகள் உள்ளே போய் மெத்தையை இழுத்துவந்து கூடத்தில் போட்டாள். "யார் இடுப்பு ஒடைஞ்சாலும் தூக்கப்போறது நான்தான். விழறதா இருந்தா இதுமேல விழுங்க."

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத படியில் கால் இடறினார். கைகள் முன்னே நீண்டன, தோள் தரையில் பட்டது, உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில் அப்படி விழ வரம் வேண்டும். கரடியாரே தன்னை மறந்து "சபாஷ்" என்றார். சொன்ன பிறகுதான் யாரைப் பாராட்டினோம் என்று உறைத்தது. பெயர் கையை விட்டுப் போகிறது என்பதும் உறைத்தது. அவரால் அப்படி ஒருநாளும் விழ முடியாது.

அதிகாரி கம்ப்யூட்டரில் காட்சியை ஓட்டினாள். கரடி இடறியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்தது.

"இந்த வெக்கம்தான் சார் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்றாள்.

சம்பந்தி மெத்தையில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். விழுகிறவன் கையைத் தலைக்குக் கொண்டுபோவது அவருக்கு விளங்கவே இல்லை. தொழில் ஆர்வத்தில் வழக்கை மறந்து கேட்டுவிட்டார்: "அது ஏன் சம்பந்தி தலையைப் பிடிச்சுக்கறான்? கையை ஊன்ற வேண்டாமா?"

"கையை ஊன்றினா தலை கழண்டு போயிடாதா?" என்றார் கரடியார். "உங்க கம்பெனி புதுசா செஞ்ச தலை ரப்பர் பஞ்சு. எங்களது பிரம்பு கட்டி, காகிதக் கூழ் பூசி, தண்ணிப் பானை கனம் இருக்கும். கீழ விழுந்தா மூக்கு பேத்துக்கும். மூக்கு காயற வரைக்கும் ஷூட்டிங் கிடையாது. அந்தத் தலையைச் செஞ்ச மாஸ்டர் வாயில விழறதுக்கு இடுப்பு ஒடையறது மேல்னு தோணுச்சு, தலையைப் பிடிச்சுக்கிட்டேன். வெக்கமாம், வெக்கம்."

சம்பந்தி வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டார். "அப்ப விழுந்தது நீங்கதான்."

"நான்தான்."

"இத்தனை வருஷமா என் தலையில கட்டினீங்களே."

அதிகாரி கரடியார் பெயரை எழுதிக்கொண்டாள். காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கரடி எழுந்து, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்துபோனது. கரடியார் அதைப் பார்த்தார்.

"இந்தா பாரும்மா," என்றார். "உக்காந்த வரைக்கும்தான் நான். இது எதிர்க் கம்பெனியில எடுத்தது. எந்திரிச்சுப் போறது இவரு. ரெண்டு பேரையும் போடு."

"ஒரு வேஷத்துக்கு ஒரு பேர்தான் சார், ரூல்."

"கம்பெனியே ரெண்டு சேந்து ஒண்ணாயிருக்கு. அதுல பேரு ரெண்டு இருக்குல்ல?"

அவள் மேலிடத்துக்குப் போன் செய்தாள். மேலிடம் புது ஆபீசில் எந்த மாடி யாருக்கு என்று பிரிக்கும் வேலையில் மும்முரமாக இருந்தது. எப்படியாவது போட்டுத் தொலை என்று சொல்லிவிட்டது.

"சரி சார். யார் பேர் முதல்ல?"

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். கரடியார் முந்திக்கொண்டார்: "விழாம எப்படிம்மா எந்திரிக்க முடியும்?"

படம் வெளியான அன்று இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. விழும் காட்சியில் அரங்கமே அதிர்ந்து சிரித்தது. படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சம்பந்தி வரிசையின் முனையில் போய்க் குறுக்கே நின்றுகொண்டார்.

"உக்காருங்கப்பா, இன்னும் முடியல."

"வழி விடுங்க பெரியவரே, பஸ் போயிடும்."

"அடுத்த பஸ்ல போலாம். எங்க பேரு வருது."

முதலில் கம்பெனிகளைச் சேர்த்துவைத்தவர்களின் பெயர்கள் வந்தன. தலைவர், துணைத் தலைவர், துணைத் தலைவருக்குத் துணை. படம் எடுத்தவர்களைவிட வாங்கியவர்கள் கூட்டம் பெரிது. கடைசியில் பொடி எழுத்தில் 'கரடி' என்று கீழிருந்து ஏறி வந்தது, அதன்கீழ் இரண்டு பெயர்கள். கரடியார் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மேலே போய் மறைந்துவிட்டன.

"வந்துச்சா?"

"வந்துச்சு. என்னுது முதல்ல" என்றார் கரடியார்.

"முதல்ல வந்துச்சு, முதல்லயே மறைஞ்சும் போச்சு," என்றார் சம்பந்தி, வழியைத் திறந்துவிட்டபடி. "என்னுதுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு. நல்லாப் பாத்தேன்."

கரடியார் இருக்கையிலிருந்து எழவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்து ஏதோ யோசித்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த காட்சிக்கு டிக்கெட் இருக்கா, கேட்டுட்டு வாம்மா."