ஊர் பிறந்த அமாவாசை

எங்கள் ஊர் ஓர் அமாவாசையன்று பிறந்தது என்று போன வருஷம்தான் முடிவானது. உண்மையில் எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அமாவாசையன்று தறி ஓடாது, ஆட்கள் கிடைப்பார்கள். ஆகவே ஊரும் அன்றைக்கே பிறந்துவிட்டது. விழாக் கமிட்டி உறுப்பினன் என்ற முறையில் இந்தச் சரித்திர ஆராய்ச்சியில் எனக்கும் பங்குண்டு. வடை ஆறுவதற்குள் முடித்துவிட்டோம்.

விழாவென்றால் ஒரு சடங்கு வேண்டாமா? கன்னட தேசத்திலிருந்து தறிச் சாமான்களைச் சுமந்துகொண்டு இங்கே வந்த முன்னோர்கள் முதலில் வெட்டியது ஊருணியைத்தான். இப்போது அது வறண்டு, வெடித்துக் கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதில் ஊற்றுவது என்று தீர்மானித்தோம். “இந்த ஊர்ல பொறந்த பொம்பளைங்க ஊத்தணும்” என்று தலைவர் சேர்த்தார். கேட்கக் கம்பீரமாக இருந்தது. தலையாட்டினோம். கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வீட்டில் என் மனைவி பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பந்தல்குடிப் பக்கம் விவசாய வீட்டுப் பெண். எங்கள் நெசவு வீட்டுக்கு வந்து எங்கள் கன்னடத்தையும் கற்றுக்கொண்டாள். என்னைப் பிழையில்லாமல் அதிலேயே திட்டுவாள். ஆனாலும் தெருவில் இன்னமும் ‘வெளியூர்க்காரி’தான். ஊரோடு சேர்ந்து ஒரு குடம் ஊற்றிவிட்டால் அந்தப் பேச்சு ஓயும் என்று நம்பியிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“தலைவர்ட்ட பேசிப் பாக்கேன்” என்றேன்.

“நீங்களா?” என்றாள். அதற்கு மேல் எந்தக் கன்னடமும் தேவைப்படவில்லை.

நான் பேசவும் இல்லை. இரண்டு முறை தலைவர் வீடுவரை போய், நல்ல காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

விழாவன்று பெண்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னார்கள், இடுப்பில் நிறைகுடம். என் மனைவியும் தேய்த்த குடத்தோடு ஓர் ஓரத்தில் நின்றாள். ஊரில் பிறந்த பெண்களை நான் மைக்கில் அழைத்தேன். நாலைந்து பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் தலைவரின் தங்கை. இதற்காகவே விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர். அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை.

“என்னப்பா இது, நம்ம ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் எங்க?” என்றார் தலைவர்.

“அவுகளத்தான் வெளியூருக்குக் கட்டிக் குடுத்து பஸ்ஸு ஏத்தி விட்டுட்டீகளே, சித்தப்பா” என்றாள் என் மனைவி. “அந்தப் பஸ்ஸு திரும்பி வரையில எறங்குனவுகதேன் நாங்க.”

கரை முழுக்கச் சிரிப்பு. அதற்குள் தலைவரின் மனைவி யாரையும் கேட்காமல் ஊருணிக்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்.

“ஏத்தா, ஒனக்குச் சொந்த ஊரு மல்லாங்கிணறுல்ல?” என்றார் தலைவர்.

“ஆமா. ஒங்க வீட்டுக்கு இத்தனை நாளு தண்ணி சொமந்தேன்ல, குடிக்கையில எந்த ஊருன்னு கேட்டீகளா?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது: “இந்த ஊருக்குத் தண்ணி சொமந்த எல்லாரும் வாங்க!”

தலைவர் முறைத்தார். அவருடைய தங்கை கைதட்டியதும் அவரும் சிரித்துவிட்டார்.

கரையில் நின்ற குடங்கள் இறங்கின. என் மனைவி நிதானமாக ஊற்றினாள். வெடிப்புகள் மடமடவென்று குடித்தன. ஊற்றியவள் மேலே ஏறி வரவில்லை. இறங்க முடியாத மூட்டுவலிக்காரர்களிடம், “அங்கனயே நில்லுங்க மதினி, குடத்த இப்பிடி நீட்டுங்க” என்று வாங்கி வாங்கி அவர்களுக்காகவும் ஊற்றினாள். சேலைக் கரையெல்லாம் சேறு. யாரோ அவளைக் கேலி செய்ய, அவள் திருப்பிச் சொல்ல, அங்கே ஒரே கூத்து.

சாப்பாடு தயார் என்று நானும் பலமுறை அறிவித்துப் பார்த்தேன். பரிமாறக்கூட ஒருத்தியும் திரும்பவில்லை. கமிட்டிக்காரர்கள் நாங்களே பந்தியில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டோம்.