கல்லறையைக் கடைசியில் வைத்தேன்

ஒரு தாய் தன் மகனின் கல்லறையைப் பார்க்க உலகத்தின் மறுகோடி வரை போனாள். பார்க்காமல் திரும்பி வந்தாள். காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். காற்று அல்ல, நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லப் பெரிய துணிச்சல் தேவைப்படவும் இல்லை. நீங்கள் யாரோ, நான் யாரோ. சொல்லவேண்டிய ஒருத்தி சோழவந்தானில் இருக்கிறாள். அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன். அதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் மேல மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு டிராவல்ஸ். இரண்டு வேன், ஒரு மேசை, ஒரு போன். நவக்கிரகக் கோயில்கள், அறுபடை வீடு, கார்த்திகை பிறந்தால் சபரிமலை... இவைதான் என் தொழில். ஆனால் என் வண்டிக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் இருந்தது. புறப்படுமுன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுத்துவிடுவேன். எத்தனை மணிக்குக் காபி, எத்தனை மணிக்கு எந்தக் கோயில், எங்கே சாப்பாடு, எங்கே கழிப்பறை என்று எல்லாம் கட்டம் கட்டி டைப் அடித்திருக்கும். ஓரத்தில் ராகு காலத்துக்குத் தனிக் கட்டம். ராகு காலத்தில் என் வண்டி புறப்படாது. "அவரு தாளு போட்டா மாறாதுப்பா" என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு.

இன்னொரு குணமும் உண்டு. தாளில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் பொறுக்காது. ஒரு கோயிலையோ அருவியையோ கொண்டுவந்து அதில் செருகிவிடுவேன்.

பேச்சியம்மாள் என் கடைக்கு வந்தது, பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்த காலத்தில். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கணவர் தவறிவிட்டார். அறுபது தாண்டிய, அதிகம் பேசாத அம்மாள். கூட வந்தவள் மகள் வசந்தா, அமெரிக்காவில் நர்ஸ்.

பேச்சியம்மாளின் மகன் செல்வம் சரக்குக் கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்தவன். பத்து வருடத்துக்கு முன் அந்தக் கப்பல் தென் அமெரிக்காவின் தெற்கு முனையைக் கடக்கும்போது காய்ச்சல் கண்டு இறந்துபோனான். உடலை ஊருக்கு அனுப்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்த புந்தா அரேனஸ் என்ற சிலி நாட்டுத் துறைமுகத்தில் புதைத்துவிட்டு, கப்பல் கம்பெனி ஒரு போட்டோ மட்டும் அனுப்பியது. சின்னக் கல்லில் அவன் பெயர். பின்னால் தூண் மாதிரி கத்தரித்துவிட்ட உயரமான மரங்கள்.

அந்த ஊரில் ஒரு பகல் நிற்கிற உல்லாசக் கப்பலில் அம்மாவுக்கும் தனக்கும் வசந்தா இடம் பிடித்திருந்தாள். பியூனஸ் அயர்ஸில் ஏறி, கண்டத்தின் காலடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்குகிற இரண்டு வாரப் பயணம். கரை சேரும் ஊர்களைக் கப்பல்காரர்களே வண்டி வைத்துச் சுற்றிக்காட்டுவார்கள். அவர்கள் பட்டியலில் மியூசியம் உண்டு, பென்குவின் பறவைகள் உண்டு. செல்வத்தின் கல் இல்லை.

"அண்ணே, எறங்குற ஊர்ல எல்லாம் நாங்களாப் போயிட்டு வார மாதிரி ஒரு தாளு போட்டுக் குடுங்க" என்றாள் வசந்தா. "எனக்கு டூட்டில நேரமே இல்ல. அம்மா ஒங்க வேன்லதான் நவக்கிரகம் போச்சாம். ஒங்க தாளுன்னா அதுக்கு அம்புட்டு நம்பிக்கை."

ராமேஸ்வரத்துக் கடலைத் தாண்டி ஒரு கடலை நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் சரி என்றேன். மதுரையில் எந்த டிராவல்ஸ்காரன் தென் அமெரிக்காவுக்குத் தாள் போட்டிருக்கிறான்? அந்த நினைப்பே தலைக்கு ஏறிவிட்டது.

வசந்தா போன் பேச வெளியே போன நேரத்தில் பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"லீவுல வந்தவன் திரும்பக் கப்பலுக்குப் போகமாட்டேன்னான் தம்பி. கொடிக்காலப் பாத்துக்கிட்டு இங்கனயே இருக்கேன்னான். நாந்தான் வஞ்சு அனுப்புனேன். பஸ்ஸு ஏறும்போது போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லல. திரும்பியும் பாக்கல. அவன் தலமாட்டுல ஒரு நிமிசம் நின்னு, அம்மா செஞ்சது தப்புத்தான்யான்னு சொல்லிட்டு வந்துட்டாப் போதும். மத்த ஊரெல்லாம் எனக்கு எதுக்கு?"

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்பது, மகளை விடவும் தெளிவாக எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் பிரவுசிங் சென்டரில் கிடந்தேன். ஒவ்வொரு துறைமுகமாகப் படித்தேன். எங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்கும், எங்கே நடுக்கடலில் நின்று படகில் இறக்கிவிடும் என்பதெல்லாம் மனப்பாடம். மிக முக்கியமான ஒன்றையும் தெரிந்துகொண்டேன். கப்பல்காரர்களின் வண்டியில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்குக் காத்திருக்காது. இதைத் தாளின் தலையிலேயே தடித்த எழுத்தில் போட்டேன்: 'கப்பல் காத்திருக்காது. எக்காரணம் கொண்டும் தாமதிக்கவேண்டாம்.'

புந்தா அரேனஸில் ரோசா என்ற பெண்மணியைப் பிடித்தேன். சொந்தக் காரில் பயணிகளைக் கூட்டிப்போகிறவள். கொஞ்சம் ஆங்கிலம் எழுதுவாள். அவள் தானாகவே போய்ச் செல்வத்தின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, 'இருக்கிறது, துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம்' என்று மெயில் போட்டாள்.

பத்து நிமிடம்... அங்கே அரை மணி, திரும்பப் பத்து நிமிடம். அதற்கு மேல் அந்தப் பகல் முழுக்கக் காலிக் கட்டம். என்னால் சும்மா இருக்க முடியுமா? ஒரு மணி நேரத் தொலைவில் பென்குவின்கள் கூட்டமாக வாழும் கரை ஒன்று இருந்தது. அதைச் செருகினேன். வசந்தாவும் "அம்மாவுக்கு ஒரு மாத்தமா இருக்கும்ணே" என்றாள்.

எதை முதலில் வைப்பது? இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். இடுகாட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் வேறு இடத்துக்குப் போவதில்லை. குளிக்கக் கப்பலுக்கு வரவேண்டும். அந்த ஊரில் கப்பல் கரையை ஒட்டாமல் கடலில்தான் நிற்கும். படகில் வந்து மறுபடி கரைக்குப் போவதென்றால் பாதிப் பகல் போய்விடும். ஆகவே கல்லறை கடைசி. முதலில் பென்குவின், பிறகு சாப்பாடு, இரண்டு மணிக்குக் கல்லறை, நேரே கப்பலுக்கு வந்து குளியல். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும். அன்று திங்கட்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். ஒன்பது ஐந்துக்குக் கார் ஏறவேண்டும் என்று போட்டேன். அந்த ஊர் ராகு காலத்துக்கு எந்த ஊர்ச் சூரியனைப் பார்ப்பது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு மதுரை நேரத்தையே எழுதிவிட்டேன்.

தாளைக் கையில் வாங்கிய பேச்சியம்மாள், தன்னை அழைத்துப்போக மறுபடி வந்திருந்த மகளைப் படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொத வேலையா அவனப் பாத்துருவோமே தம்பி. தீட்டெல்லாம் நான் பாக்கல."

"அங்கன போயிட்டுக் குளிக்காம இன்னொரு எடத்துக்குப் போகலாமாம்மா? ஒங்களுக்குத் தெரியாததா? எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். தாள்களை லேமினேட் செய்து கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ரோசாவிடமிருந்து மெயில் வந்தது. திட்டத்தைப் பார்த்தாளாம். இந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் பலமாகக் காற்று எழும்பும். எழும்பினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள்; கப்பல்கள் முன்கூட்டியே எல்லோரையும் அழைத்துக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு எது முக்கியமோ அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்... இவ்வளவுதான் செய்தி. இரண்டு முறை படித்தேன். பிரின்ட் எடுத்தேன்.

பதில் எழுதினேன்: 'எங்கள் வழக்கப்படி கல்லறை கடைசியில்தான். தாளில் உள்ளபடியே போகவும்.'

வசந்தாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன் நானே பலமுறை கேட்டுவிட்டேன். வழக்கத்தின் மேல் அவ்வளவு பக்தியா? இல்லை. நான் இடுகாட்டிலிருந்து நேரே டீக்கடைக்குப் போயிருக்கிறேன். லேமினேட் செய்து கொடுத்த தாளைத் திரும்ப வாங்கவேண்டும். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லவேண்டும். அதற்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தை மாதத்தில் போனார்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பிற்பாடு வசந்தா போனில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

எட்டு மணிக்கே கரையில் இறங்கிவிட்டார்கள். ரோசா காரோடு நின்றாள். ஒன்பது ஐந்து வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ரோசா கல்லறைப் பக்கம் கையைக் காட்டி, முதலில் அங்கே போகலாமா என்று கேட்டாளாம். "நாந்தாண்ணே ஒங்க தாளக் காட்டி, இல்ல, இதும்படியே போவோம்னுட்டேன்" என்றாள் வசந்தா.

கார் கல்லறைத் தோட்டத்து வாசல் வழியாகத்தான் போயிற்று. மதிலுக்கு மேலே அந்த மரங்கள் தெரிந்தன. போட்டோவில் பத்து வருடமாகப் பார்த்த மரங்கள். பேச்சியம்மாள் கண்ணாடியில் கை வைத்து, "இங்கதான், இங்கதான்" என்றாள். ரோசா வண்டியை மெதுவாக்கினாள். "வரும்போது பாப்பம்மா" என்றாள் மகள்.

பென்குவின்களுக்கு நடுவே நிற்கும்போதே காற்று எழும்பிவிட்டது. ரோசாவுக்குப் போன் வந்தது: கப்பல் எல்லோரையும் அழைக்கிறது, ஒரு மணிக்குக் கடைசிப் படகு. விரட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் அதே வாசல். ரோசா காரை நிறுத்தி ஐந்து விரலைக் காட்டினாள், ஐந்தே நிமிடம். வசந்தா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த தாளைப் பார்த்தாள். தடித்த எழுத்து. கப்பல் காத்திருக்காது.

"போங்கன்னு சொல்லிட்டேண்ணே" என்றாள். போனில் அழுதாள். "அந்த அஞ்சு நிமிசம் நான் நின்னிருக்கலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காத்துக்கு நாம என்னம்மா பண்ண முடியும்" என்று ஆறுதல் சொன்னேன்! என் மேசை இழுப்பறையில் ரோசாவின் மெயில் இருந்தது.

பேச்சியம்மாள் ஊர் திரும்பியதும் சோழவந்தானுக்குப் போய்ப் பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

"நீ நல்லாத்தான் போட்டுக் குடுத்த தம்பி. வசந்தாவும் என்னென்னமோ சொல்லி அழுகுறா. ஒங்க ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல. காத்தும் இல்ல அது. வாசல் வரைக்கும் வரவிட்டு, திரும்பிப் போன்னுட்டான். அவனுக்குக் கோவம் தீரல."

அந்த இடத்தில் நான் பேசியிருக்கவேண்டும். 'அவன் இல்லம்மா, நான்' என்று மூன்று சொல். டம்ளர் கையில் இருந்தது. காபியைக் குடித்து முடித்தேன்.

அன்று கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"அந்த ரோசாவுக்கு ஒரு லெட்டர் போடுறியா தம்பி? நம்ம செல்வத்துக்கிட்டப் போயி, ஒங்க அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டுத்தான் போனான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொல்லு. அந்தப் புள்ள நல்ல புள்ள, செய்வா."

"இன்னைக்கே போட்டுறேம்மா" என்றேன்.

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ரோசாவின் முகவரியை அடித்துவிட்டு நிறுத்தினேன். அவள் என்ன பதில் எழுதுவாள்? காற்றைப் பற்றி அன்றைக்கே எழுதினேனே என்று ஒரு வரி எழுதினால்? பேச்சியம்மாள் அதை மகளுக்கு அனுப்பச் சொல்வாள். வசந்தா படிப்பாள்... எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு எழுதவே இல்லை. ரோசாவுக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. பத்து நிமிடத் தொலைவு. நான் ஒரு வரி அடித்திருந்தால் மறுநாளே போயிருப்பாள்.

வசந்தா அனுப்பிய போட்டோ ஒன்று என் கடையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, பின்னால் பென்குவின்கள், நடுவில் பேச்சியம்மாள். கீழே 'தென் அமெரிக்கா வரை திட்டமிட்டுத் தருகிறோம்' என்று எழுதிவைத்தேன். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அதைப் பார்த்தே வந்த வாடிக்கையாளர்கள் உண்டு. அந்த அம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை, ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை இதுவரை யாரும் கவனித்ததில்லை.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மீனாட்சி கோயிலுக்கு வரும்போது கடைக்கும் வருவாள். போட்டோவை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். பையிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்பாள்.

"ரோசாகிட்டருந்து எதாச்சும் வந்துச்சா தம்பி?"

"இன்னும் வரலம்மா."

போன மாதமும் வந்தாள். போன மாதமும் அதையே சொன்னேன். வெற்றிலையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவளும் போயிச் சொல்லித்தான் இருப்பா. அதுக்கும் அவன் ஒண்ணும் சொல்லல போல" என்றாள்.

நான் வாசல் வரை கூட நடந்து, பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.