டீச்சர் மேசையில் இருந்த வெற்றிலைத் தட்டு

ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை வாசனை... ஸ்கூல் பேக்கைத் திறந்ததும் வகுப்பு முழுக்கப் பரவியது.

மலேசியாவில், கிள்ளானில் ஃபார்ம் சிக்ஸ், அதாவது யுனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு, படித்த காலம். இன்றைக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் நிச்சயதார்த்தத் தட்டு அலங்கரித்து விற்கிற கடை வைத்திருக்கிறேன். விடிந்தால் வெற்றிலையோடுதான் பிழைப்பு. இருந்தாலும் அன்றைய வாசனை மட்டும் தனி.

இங்கிலீஷ் லிட்ரேச்சரில் எங்களுக்கு ஒரு நாவல் பாடம். நைஜீரியாவின் இக்போ மக்கள் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் கதை. வள்ளிக்கிழங்கு அறுவடை, கள்ளு விருந்து, மல்யுத்தம், முகமூடி போட்டு வரும் முன்னோர்கள், பெண்ணுக்குப் பரிசம்... முதல் வாரம் பெயர்கள் வாயில் நுழையாமல் சிரித்தே பொழுது போனது.

டீச்சர் மிஸ் வோங். முதல் போஸ்டிங். பார்த்தால் எங்களோடு படிக்கிற பிள்ளை மாதிரி இருப்பார்.

கதையில் வரும் ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கோலா என்கிற கொட்டையைத் தட்டில் வைத்து நீட்டுவார்களாம். உடைத்து, பகிர்ந்து, மென்ற பிறகுதான் வந்த விஷயத்தைப் பேசுவார்கள். அது எப்படி இருக்கும் என்று மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்க்க அப்போது கையில் ஃபோன் ஏது?

நான் எழுந்தேன். எங்கள் வெற்றிலை பாக்கு போலத்தான் மிஸ் என்றேன். ஒருவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, அப்புறம் மாறக்கூடாது என்றும் விளக்கினேன். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குக் கொண்டு வா லா, நடித்தே பார்ப்போம் என்றார்.

அந்த நேரம் வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, ரவாங்கில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அவசரம். படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பரீட்சை எழுத விடுவார்களா... எனக்கு அது ஒன்றுதான் கவலை.

மறுநாள் வகுப்பில் நான் வீட்டுக்காரர், கூடப் படித்த சரவணன் விருந்தாளி. நாவலில் அந்தத் தட்டைப் பெண்கள் தொடுவதில்லை. இங்கே நான்தான் தொடுவேன் என்று அடம்பிடித்து வாங்கிய பாத்திரம். இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். இடுப்பில் சாரோங் கட்டியிருந்த சரவணன் குனிந்து வாங்கினான்.

"தட்டு சரி சம்பந்தி... கள்ளு எங்க?"

வகுப்பே கைதட்டியது.

வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்க என்னை அழைத்துப்போக வந்தவர்.

வீட்டில் அன்றைக்கு நடந்ததைக் கேட்க வேண்டுமே...

"மச்சான், உங்க மவ ஸ்கூல்லயே தட்டு மாத்திட்டா! சுத்தி நின்னு கைதட்டுறானுங்க!"

"அது புக்குல வர்ற சீன் மாமா. ஆப்பிரிக்கா கதை."

"ஆப்பிரிக்காவுல எவன்டி வெத்தல போடுறான்?"

தட்டு எங்கே என்று அப்பா கேட்டார். மிஸ் மேசையில் இருக்கிறது என்றேன். "அதைத் திருப்பி வாங்கினாத்தான் மச்சான் இது முறியும். ரவாங்காரங்க காதுக்குப் போறதுக்குள்ள போங்க" என்றார் மாமா. படிப்பு போதும் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

காலையில் அப்பா லோரியோடு ஸ்கூலுக்கே வந்துவிட்டார். வகுப்புக்குள் நுழைந்து, தட்டைக் கொடுங்கள், பிள்ளையை அழைத்துப் போகிறேன் என்று மலாயில் கடுகடுவென்று சொன்னார்.

மிஸ் வோங் எழுந்தார். நாற்காலியை இழுத்து அப்பாவை உட்கார வைத்தார். கொஞ்சம் வாடிப்போயிருந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"அங்கிள், மாக்கான் டூலு."

முதலில் சாப்பிடுங்கள் என்று மரியாதையாக நீட்டிய கையை அப்பா எப்படித் தட்டிவிடுவார்? வாங்கினார். சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு மென்றார்.

அப்புறம்தான் மிஸ் கேட்டார், பரீட்சை முடியும்வரை இவளை அனுப்புவீர்களா அங்கிள் என்று.

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"யாரும்மா இது... எல்லாம் தெரிஞ்சுகிட்டே குடுத்திருக்கு!"

வீட்டில் மாமாவிடம் அப்பா சொன்னது ஒன்றுதான்: "வெத்தல வாங்கிட்டேன் மச்சான். பரீட்ச முடியட்டும், அப்புறம் பாப்போம்." மாமா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ரவாங்காரர்கள் வேறு பெண் பார்த்தார்கள். நான் பரீட்சை எழுதினேன்.

எத்தனையோ சப்ளையர்களிடம் பேரம் பேசியிருக்கிறேன். அந்தச் சீன டீச்சர் முடித்த மாதிரி ஒரு பேரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. முதலில் கொடு, பிறகு கேள்... நாவலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் அது. என் கடையும் அதில்தான் ஓடுகிறது.

அப்பா இப்போது இல்லை. சரவணன் பங்சாரில் ஆபீஸ் வைத்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் இன்றும் "சம்பந்தி, கள்ளு எங்க?" என்றுதான் குட்மார்னிங் வருகிறது.

இப்போதெல்லாம் தட்டு ஆர்டர் ஃபோட்டோ பார்த்துத்தான். வெற்றிலை வாடாமல் இருக்க வேண்டும் என்று பிளாஸ்டிக்கில் கேட்கிறார்கள். கேட்டால் செய்து கொடுக்கிறேன், வியாபாரம்தானே. மெல்லுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா கேட்லாக் புரட்டிக்கொண்டிருந்தபோது ரிப்பன் பார்க்கிற சாக்கில் அந்தப் பெண் என் பக்கம் வந்தாள்.

"ஆன்டி, ஃபைனல் இயர் இன்னும் முடியல... இதோட நிப்பாட்டச் சொல்றாங்க" என்றாள், மெதுவாக.

ஆர்டர் பில்லை ஓரமாகத் தள்ளினேன். உள்ளே போய் நல்ல கொழுந்து வெற்றிலையாக இரண்டு எடுத்து, பாக்கு வைத்து, அந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார்.

"மொதல்ல வாயில போடுங்கக்கா... அப்புறம் பேசலாம்."