ஸ்டெல்லா அவிழ்த்த சிவப்புத் துணிகள்

எண்ணிட்டு எழுதாவிட்டால் பாதி வழியில் தடுமாறிவிடுகிறவன் நான். ஆகவே சொல்லப்போவதை, அடக்கத்துக்குப் போகுமுன்பே இப்படி வரிசைப்படுத்திவைத்தேன்.

1. ஸ்டெல்லா அவர்கள் மறைந்த செய்தி வந்த விதம்.
2. அவரோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம்.
3. காட்டைப் பற்றி அவர் வகுப்பெடுத்த முறை.
4. ஏரியில் அவர் எடுத்த ஒரு முடிவு. அது தவறு என்பது.
5. விடைபெறுதல்.

அஞ்சலிக் கட்டுரையில் நான்காவது போன்ற ஒன்று இடம்பெறலாமா என்று வெகுநேரம் தயங்கினேன். பாராட்டை மட்டும் எழுதினால் அவரை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள் என்று தோன்றியதால் விட்டுவைத்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை முருகேசன் தொலைபேசியில் அழைத்தார். ஒரகடத்தில் ஸ்டெல்லா வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நிற்பவர். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் மேடம் இறந்துவிட்டார், மதியம் அடக்கம் என்றார். வழக்கமாகச் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும் அந்த பஸ்ஸில் எஞ்சின் ஓசை மட்டுமே கேட்டது. ஸ்டெல்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சில மாதங்களாகவே உடல்நலமின்றி இருந்தார்.

நான் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வாலாஜாபாத்தில் என் வீட்டைத் தேடி ஒருநாள் அவர் வந்தார். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை சூப்பர்வைசர் என்று அறிமுகம் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வேலை செய்பவர்களை வடக்குப்பட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டுக்கு அழைத்துப்போவதாகவும், தனக்குச் செடிகளின் பெயர் சரியாகத் தெரியாததால் நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். நான் மூன்று முறை திருத்தி, பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா கீது சார். ஆனா எங்காளுங்க இத டீ பிரேக்ல படிக்கணும். ரெண்டு பக்கத்துல குடுங்க" என்றார்.

சுருக்குவதற்கு எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

வகுப்பு எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தொழிற்சாலையில் பழுதான பாகத்துக்குச் சிவப்பு டேக் மாட்டி லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதையே அவர் காட்டுக்கும் கொண்டுவந்தார். காரை, சூரை போன்ற நாட்டுப் புதர்களை மூடிப் படர்ந்த உண்ணிச்செடி, நீர்நிலையை அடைத்துக்கொண்ட சீமைக்கருவேலம் இவற்றில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்பு அந்தப் புதரின் அருகில் சத்தமின்றி உட்கார்ந்து, அடியில் முயலோ கௌதாரியோ கீரியோ குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் கட்டக்கூடாது. சும்மா உட்காரத் தெரியாத ஆட்கள் அங்கே உட்காரப் பழகினார்கள்.

ஒருநாள் யாரோ, வெளிநாட்டுச் செடி எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார்.

"வெளியூருன்றதுக்காக ரிஜெக்ட் பண்ணக்கூடாதுப்பா. அடுத்தவன் எடத்தையும் சேத்துப் புடிச்சிக்கினா அப்பதான் ரிஜெக்ட்."

"அப்பம் திருநெல்வேலிக்காரன் நான் தப்பிச்சேன்" என்றார் ஒருவர்.

"ஹாஸ்டல்ல நாலு பேர் பெட்ல நீ ஒர்த்தன் படுத்துக்கினு கீறியாமே. ஒனக்கும் ஒரு டேக் எடுத்து வெச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும்தான்.

இனி ஏரி. வடக்குப்பட்டுக்கு அப்பால் ஓர் ஏரியின் உட்பரப்பு முழுவதும் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. அதை அகற்றத் தொழிற்சாலை நிர்வாகம் ஜேசிபி தர முன்வந்தது. ஞாயிறு வகுப்புக்கான பஸ்ஸும் சாப்பாடும் அந்த நிர்வாகம் தருவதுதான். ஸ்டெல்லாவும் அவருடைய ஆட்களும் இரண்டு வாரத்துக்கு முன்பே போய் மரங்களில் துணி கட்டிவிட்டு வந்தார்கள். வழக்கம்போல் அடியில் குனிந்து பார்த்தார்கள். லைனில் வரும் பாகத்தைக் குனிந்தே பார்த்துப் பழகியவர்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வெட்டும் நாளன்று நானும் போயிருந்தேன். சிவப்புத் துணிகள் பலவற்றில் வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. ஸ்டெல்லா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். கிளைகளில் குருட்டுக்கொக்குகளின் கூடுகள். சிலவற்றில் குஞ்சுகள் வாய்பிளந்துகொண்டிருந்தன.

துணிகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

"இன்னா மேடம், லைன்ல ஒரு டேக் எடுக்கணும்னா எங்கள அலைய வுடுவீங்க. இங்க நீங்களே கயட்டிக்கினு போறீங்க?" என்றார் முருகேசன்.

"தப்பா கட்டினது நானு. நான்தான் கயட்டணும்."

நிர்வாகத்திலிருந்து வந்த அதிகாரி, புகைப்படக்காரரும் ஊர்க்காரர்களும் காத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். கூடில்லாத மரங்களையாவது வெட்டலாம் என்றார். நடுவில் இயந்திரம் ஓடினால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்று ஸ்டெல்லா மறுத்தார். அப்படியானால் இனி பஸ் கிடையாது என்றார் அதிகாரி. பஸ் இல்லையென்றால் ஷிப்ட் பார்த்துக் களைத்தவர்கள் வரமாட்டார்கள், வகுப்பு நின்றுவிடும் என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். ஆனாலும், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். ஜேசிபி திரும்பிப் போயிற்று.

இயந்திரம் மறுபடி வரவில்லை. அந்த ஆண்டு நெற்றுகள் உதிர்ந்தன, ஆடுகள் தின்று விதையைப் பரப்பின, மழைக்குப் பிறகு ஏரி முழுவதும் புதுக் கன்றுகள் முளைத்தன. என் கண்ணால் பார்த்தேன். ஒரு பருவத்துக் குஞ்சுகளுக்காக ஓர் ஏரியையும் ஒரு வகுப்பையும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். முழங்கால் வலியால் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. அவர் என்னைப் பார்க்க வந்தபோதும் ஏரியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் வருந்துவாரென்று நினைத்தேன்.

அடக்கத்துக்கு யூனிபார்முடன் பலர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். திரும்பும்போது முருகேசனிடம், அன்று மட்டும் வெட்டியிருந்தால் ஏரி தப்பித்திருக்கும் இல்லையா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"வெட்டியிருந்தா போட்டோ எடுத்துக்கினு வூட்டுக்குப் போயிருப்போம் சார். அந்தப் பக்கமே தல வெச்சிருக்க மாட்டோம். குஞ்சு பறந்துச்சா இன்னான்னு பாக்கத்தான் எங்க பைக்லயே போக ஆரமிச்சோம். போனாதான கன்னு மொளச்சது தெரிஞ்சுது? கரையோரம் நாட்டுக் கருவேலம் வெச்சி, கொக்குக்கு எடம் பண்ணிக்கினு, சீமையக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கினு வரோம். பாதி ஏரி தெளிஞ்சிபோச்சி. மேடம் உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. செகண்ட் ஷிப்ட் ஆட்கள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே ஏறிக்கொண்டார்கள்.

அமைதி கொள்ளுங்கள், ஸ்டெல்லா. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் ஏரிக்குப் போகிறார்களாம். பைக்கை மெதுவாக ஓட்டுவதானால் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று முருகேசனிடம் சொல்லியிருக்கிறேன். நான்காவதாக நான் குறித்தது தவறு.