தவிடு மாட்டுக்கு, வெள்ளை எனக்கு

"நீங்கள் என்ன நிறத்தில் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார் பேர்கன் நகரத்துக் கிளினிக்கில் இருந்த உணவு ஆலோசகர். நோர்வேக்கு வந்த இத்தனை வருடத்தில் எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. "வெள்ளை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். நான் பஸ் சாரதி. வயிறு ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்துவிட்டது. பனிக்காலம் முழுக்கச் சளித் தடிமனும் இருமலும். அடுத்த பரிசோதனைக்குள் இடுப்பும் இரத்தச் சீனியும் இறங்காவிட்டால் பஸ் ஓட்டும் அனுமதி கைவிட்டுப் போகலாம் என்று டொக்டர் சொல்லித்தான் இங்கே அனுப்பியிருந்தார். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

வெள்ளைச் சோற்றில் என்ன பெருமை என்று அவருக்கு எப்படி விளக்குவது? ஊரில், அக்கராயனில், எங்கள் வீட்டில் அன்றாடம் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. யாராவது விருந்தாளி வந்தால்தான் அப்பா நெல்லை மில்லுக்குக் கொண்டுபோய் வெள்ளையாகத் தீட்டுவித்து வருவார். விருந்தாளி சாப்பிட்டு மிஞ்சினால் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. இங்கே வந்தபிறகு நான் தினமும் விருந்தாளியானேன்.

ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். தேயிலை, மஞ்சள், இங்குள்ளவர்கள் காட்டில் பொறுக்கும் ப்ளோபேர் என்ற நீலப்பழம், சிவப்பரிசித் தவிடு எல்லாவற்றிலும் பொலிபீனோல் என்று சில பொருட்கள் உண்டாம். வெயிலிலும் பூச்சியிலுமிருந்து தன்னைக் காக்கச் செடி செய்துகொள்பவை. பலவற்றின் துவர்ப்புக்கும் நிறத்துக்கும் அவையே காரணம். பெரும்பகுதி குடலின் கடைசிவரை போய் அங்குள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனியாகிறதாம். வயிற்றில் கொழுப்புக் கூடினால் உடம்பின் எதிர்ப்புப் படை ஓயாமல் கிளர்ந்தபடியே இருக்கும்; பகலெல்லாம் சும்மா குரைத்த நாய் கள்ளன் வரும்போது படுத்துக்கிடப்பதுபோல, தடிமன் வரும்போது அது களைத்துப்போய்விடும். அந்தக் கிளர்ச்சியைத் தணிக்கப் பொலிபீனோல் உதவலாம், ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, இது மருந்தல்ல, அளவாகச் சாப்பிட்டு நடக்கவும் வேண்டும் என்றார்.

அன்றே அக்காவுக்கு அழைத்தேன். அவர் இன்னமும் குளத்து நீர் பாயும் அப்பாவின் அதே வயலைச் செய்கிறார்; ஓரத்தில் ஒரு துண்டில் மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பு நெல். "எங்கடை சிவப்பரிசி கொஞ்சம் வேணும்" என்றேன். ஊருக்குப் போன நண்பர் கையில் பொதி வந்தது. ஆவலோடு பிரித்தால், மல்லிகைப்பூப் போல வெள்ளை அரிசி!

"அக்கா, சிவப்பெல்லாம் எங்கை போட்டுது?"

"உனக்கெண்டு மூண்டு தரம் தீட்டுவிச்சனான் தம்பி. வெளிநாட்டிலை இருக்கிறவனுக்குத் தவிட்டரிசி அனுப்பினால் சனம் என்ன கதைக்கும்?"

"அப்ப தவிடு?"

"மாட்டுக்கு. அது இப்ப நல்லா மினுங்குது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நோர்வே ஆலோசகர் எனக்குச் சொன்ன வைத்தியத்தை அக்கராயனில் ஒரு பசு செய்துகொண்டிருந்தது. விஷயத்தை அக்காவுக்கு விளக்கினேன். "விதைநெல்லைத் தவிர எல்லாம் குத்தியாச்சு. அதை மட்டும் கேட்டுப்போடாதை" என்றார்.

ஒரு மாதத்தில் இன்னொரு பொதி வந்தது. அரித்து வறுத்த தவிடு, இரண்டு பை. "மாட்டின்ரை பங்கைப் பறிச்சு அனுப்பிறன்" என்று குரல்பதிவும் வந்தது.

பரிசோதனை முடிந்துவிட்டது. பெல்டில் இரண்டு ஓட்டை உள்ளே வந்திருக்கிறேன், சீனியும் இறங்கியது, அனுமதி தப்பிப் பிழைத்தது. நடையும் தவிடும் ஆளுக்கு எவ்வளவு செய்தன என்று யாருக்குத் தெரியும்? நான் சந்தோஷமாக இருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா தீட்டிய வெள்ளை அரிசியில் கஞ்சி வைத்து, அதே நெல்லின் தவிட்டை மேலே தூவிக் கலக்குகிறேன். கஞ்சி சிவக்கிறது, மெல்லத் துவர்க்கிறது. ஆனால் ஒருமுறை பிரிந்த தவிடு அரிசியில் திரும்ப ஒட்டுவதில்லை. எவ்வளவு கலக்கினாலும் ஒரே கோப்பைக்குள் இரண்டும் இரண்டாகவே மிதக்கின்றன. இரண்டையும் சேர்த்தே குடித்துவிட்டு பஸ்ஸை எடுக்கிறேன்.