பம்புசெட் கொட்டாயில் ஒரு குரல்

அந்தப் பலகைக் கதவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நீலப் பெயின்ட் உரிந்த கதவு, அடியில் எலி கடித்த சந்து. அந்தச் சந்து வழியாகத் தெர்மாமீட்டரை உள்ளே தள்ளுவேன். சற்றுப் பொறுத்து ஒரு கை அதை வெளியே வைக்கும். கதவு மூடிய பிறகு அந்த மனிதரில் நான் கண்டது அந்தக் கையை மட்டும்தான்.

உத்திரமேரூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அப்போது நான் கிராம நர்ஸ். சிங்கப்பூர்ப் பக்கம் சார்ஸ் காய்ச்சல் பரவிய கோடை. அவசியமில்லாமல் அங்கே போகாதீர்கள், போய் வந்தவர்கள் சில நாள் யாரோடும் சேராமல் தனித்திருங்கள் என்று அரசாங்கம் சொன்னது. அதை வீடு வீடாகச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பார்த்து, அந்த வாரமா வந்து இறங்க வேண்டும் சிங்கப்பூர்க்காரர்? அவர் கட்டட வேலைக்குப் போன பிறகு பிறந்தவள் மகள். அவளைத் தூக்கிக் கொஞ்சத்தான் லீவு போட்டு வந்திருந்தார். வாசலிலேயே மறித்தேன். மனிதர் முகம் செத்துப்போயிற்று. "தூரத்துலேந்து பாத்துட்டேன் நர்சம்மா, போதும். புள்ளைக்கு ஒண்ணும் வரக்கூடாது" என்று பெட்டியோடு கழனியிலிருந்த பம்புசெட் கொட்டாய்க்கு நடந்தார்.

அவர் மனைவிக்குச் சார்ஸ் விளங்கவில்லை. "அம்மா போட்டா இருக்கிற மாரிதான நர்சம்மா?" என்றாள். அப்படியே வைத்துக்கொள் என்றேன். மறுநாள் கதவில் வேப்பிலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டு முறை அத்தனையும் வந்துவிட்டது. தாளிக்காத சோறு. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. ஈ காக்கை கிட்டே போகவில்லை. எனக்குப் பரம திருப்தி.

ஒரு மத்தியானம், ஆடு தொலைத்த பெண்ணொருத்தி வரப்பில் நின்று அழுதாள். உள்ளே இருந்தவர் சும்மா இருக்காமல், "ஏரிக்கரைப் பக்கம் பாரு" என்றிருக்கிறார். ஆடு அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், கூழ்ச் சொம்போடு பெண்கள் வரப்பில் வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். "என்னிய ஆத்தா ஆக்கிட்டாங்க நர்சம்மா, இன்னா பேஜாரு" என்று முதலில் அவரும் சிரித்தார். பேசுவதற்கு வேறு ஆள் ஏது? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நாளாக ஆகக் குரல் மெலிந்து, உச்சிக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள், காய்ச்சல் இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இவனுக்கு ஒண்ணும் இல்ல" என்றது கதவுக்குப் பின்னால் இருந்த குரல்.

எத்தனையோ சாமியாட்டம் பார்த்தவள் நான். ஆடுகிறவர்கள் வேர்த்துக் களைத்து, சோடா குடித்து அடங்கிவிடுவார்கள். இந்தக் குரலில் ஆட்டமே இல்லை. தெர்மாமீட்டரைக் குனிந்து எடுக்க எனக்குப் பயமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கொரோனா வந்து ஊரெல்லாம் கதவடைத்தபோது, காய்ச்சலைவிட இதைத்தான் நினைத்து நடுங்கினேன். என் மகன் தனி அறையில் இருந்த நாட்களில் ஓயாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "ஏம்மா தொண தொணன்ற?" என்று அவன் எரிந்து விழுவது காதுக்கு இதமாக இருந்தது.

அந்தக் கோடையில், கொட்டாயில் இருந்தவருக்குச் சொன்ன கெடு முடிந்தது. ஒரு நாளும் காய்ச்சல் இல்லை. மகளுக்குத் தலை வாரி, பூ வைத்துக் கூட்டி வந்தாள் மனைவி. நானே தாழை நீக்கினேன். தாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க நைனாடி, போ" என்று மகளை முன்னால் தள்ளினாள்.

குழந்தை, அந்த வரப்பில் பெண்கள் கும்பிடுவதைத் தினமும் பார்த்தவள். இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டாள்.

இப்போது சிரித்துவிடுவார், வாரித் தூக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். கைகள் பாதிவரை எழுந்தன. உதடு ஏதோ சொல்லத் தவித்தது. பிறகு அந்த மெல்லிய குரல்தான் வந்தது.

"கொறை ஒண்ணும் இல்ல. போ."

சொன்னபடியே குழந்தை திரும்பிப் போனாள்.